அவிழ்த்துப் போட்ட கட்டுமரம்

முன்னொரு காலத்தில் கடலோரமாகப் பவழத்துறை என்றொரு சீமை இருந்தது. அதை ஆண்டவர் நல்லமுத்துப் பூபதி. நல்ல மனுஷர்தான், ஆனால் மாசத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு மாசம் புறா, அடுத்த மாசம் அத்தர். வெள்ளைக்காரக் கப்பல் ஒன்று துறைக்கு எதிரே நங்கூரம் போட்ட மாசம் இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது. விடிந்ததும் பட்டத்து யானைக்கு 'குட்மார்னிங்' சொல்லிவிட்டுத்தான் பல்லே விளக்குவார். யானைக்கு ஒன்றும் புரியவில்லை. கரும்பு ஒழுங்காக வந்ததால் அதுவும் சும்மா இருந்துவிட்டது.

ராஜாவுக்கும் கப்பல் துரைக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொன்னவர் துபாஷி நரசப்பர். அந்த மாசம் அவர் காட்டில் மழை. மந்திரியையே தள்ளி உட்காரச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்.

ஒருநாள் கடல் கொந்தளித்து, எந்தப் படகும் இறங்க முடியவில்லை. காத்தான் என்ற மீனவன் மட்டும் கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் போய், துரையின் கடிதத்தை ஓலைத் தொப்பிக்குள் செருகி, நனையாமல் கொண்டுவந்து சேர்த்தான். ராஜாவுக்கு மனசு குளிர்ந்தது. துபாஷிக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுச் சால்வையை அப்படியே காத்தான் தோளில் போட்டுவிட்டார். நரசப்பருக்கு வயிறு பற்றி எரிந்தது.

இரண்டு நாள் கழித்து, துரையின் கைக்குறிப்புப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு சபைக்கு வந்தார். அதில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, 'கேட்டமரான்' என்று வாசித்தார். இது இங்கிலீஷ் சொல், நாம் கட்டுமரம் என்பது இதைத்தான் என்றார். சொல் யாருடையதோ பொருளும் அவர்களுடையது, மீனவர் குப்பத்தார் எங்கோ பார்த்துத் திருடிச் செய்கிறார்கள், துரைமார் கோபித்துக்கொள்ளும் முன்னே கட்டுமரம் அத்தனையையும் தம்மிடம் ஒப்படைத்துவிட்டால் தாமே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார். எட்டு நாள் கெடு என்று தண்டோரா போட்டார்கள்.

காத்தான் பெண்டாட்டி எல்லம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தண்டோரா காதில் விழுந்தது. கட்டுமரம் போனால் குப்பத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆம்பிளைகள் கூடி உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள். இவர்களை நம்பினால் எட்டு நாளும் ஓடிவிடும் என்று அவள் கையைக் கழுவிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள். வந்தது வந்தாச்சு என்று உள்ளே போனாள்.

ராஜா விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாட்சி இருக்கிறதா என்றார்.

"சாட்சி எதுக்கு மகராசா. நாளைக்கு உச்சிப்பொழுதுல துபாஷியாரு கரைக்கு வரட்டும். அங்கே எத்தனை கட்டுமரம் இருக்கோ, தொட்டுக் காட்டி எடுத்துக்கட்டும். ஒண்ணைக் காட்டினாலும் எல்லாமே அவருது. நாங்க வேற ஊரு பார்த்துப் போயிடறோம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நரசப்பர் மறுநாள் சேவகர்களோடு போனார். கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தார். மீனவர்கள் விடியற்காலையிலேயே கரையேறிவிட்டிருந்தார்கள். மணலில் வரிசையாக மரக்கட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன, வேறொன்றும் இல்லை. கால் கடுத்துப்போய் ஒரு கட்டையின்மேலேயே உட்கார்ந்து இரண்டு இளநீர் குடித்தார். பிறகு வேர்க்க விறுவிறுக்கச் சபைக்கு ஓடிவந்து, குப்பத்தார் எல்லாவற்றையும் ஒளித்துவிட்டார்கள், கரையில் வெறும் விறகுதான் கிடக்கிறது என்று முறையிட்டார். கப்பல் துரையும் அப்போது சபையில்தான் இருந்தார்.

சபையில் காத்திருந்த எல்லம்மா வெளியே சைகை காட்டினாள். காத்தானும் மூன்று பேரும் நான்கு கட்டைகளைத் தூக்கிவந்து ராஜா முன்னால் போட்டார்கள். எல்லம்மா ஒரு கட்டையைத் தொட்டுக் கேட்டாள்.

"துபாஷியாரே, நீங்க உட்கார்ந்து இளநீர் குடிச்சது இதும்மேலதானே?"

ஆமாம் என்றார் அவர். காத்தான் கட்டைகளைச் சேர்த்து வைத்துக் கயிறு சுற்றி இறுக்கினான். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம்கூட ஆகவில்லை, கட்டுமரம் ஒன்று சபையில் கிடந்தது. எல்லம்மா ராஜா பக்கம் திரும்பினாள்.

"கரையேறினதும் அவிழ்த்துக் காயப்போடுவோம், மகராசா. இல்லாட்டி மரம் தண்ணி குடிச்சுக் கனத்துப்போகும். மறுநாள் திரும்பக் கட்டுவோம். கட்டுற மரம், அதனால கட்டுமரம். பொழுது விடிஞ்சா நாங்க செய்யற வேலைதான் அதுக்குப் பேரு. சொந்தக்காரருன்னு வந்தவருக்குத் தன் பொருளே அடையாளம் தெரியலையே."

துரைக்கு அரைகுறைத் தமிழ் தெரியும். "கட்டு, மரம்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். நரசப்பரிடமிருந்த தம் புத்தகத்தை வாங்கித் திறந்து, அந்தச் சொல்லுக்குக் கீழே தாம் பொடி எழுத்தில் எழுதியிருந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

ராஜாவுக்கு முகம் மாறியது. "விட்டுவிட்ட மிச்சத்தையும் வாசியும், நரசப்பரே."

நரசப்பர் வாசித்தார். இந்தக் கரையின் தமிழரிடம் கேட்டு எழுதிய சொல், கயிற்றால் கட்டிய மரங்கள் என்று பொருள் என அதில் இருந்தது. பாதி வரியில் நிறுத்திக் குடிக்கக் கேட்டார். சபையில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

உத்தரவு அங்கேயே ரத்தானது. ஒரு மாசம் தினமும் குப்பத்துக்குப் போய்க் கட்டுமரங்களை அவிழ்த்துக் காயப்போடும்படி துபாஷிக்குத் தண்டனை விழுந்தது. எல்லம்மா கையில் ராஜா தங்கக் காப்பு போட்டார். இந்தச் சொல்லை இனி வெள்ளைக்காரர் சொல்லக்கூடாது என்று தடை போடட்டுமா என்றும் கேட்டார். எல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சொல்லை அவங்களும் வெச்சிக்கட்டும் மகராசா. மரம் எங்ககிட்ட இருந்தா போதும்."

அடுத்த மாசம் ராஜாவுக்கு முடிச்சுப் பைத்தியம் பிடித்தது. அவர் கையால் கட்டிய பட்டத்து யானை இரண்டு தரம் அவிழ்த்துக்கொண்டு போனது. குப்பத்தில் அடுப்புகள் வழக்கம்போல எரிந்தன.

கப்பலேறிப் போன சொல் இன்றைக்கும் இங்கிலீஷில் இருக்கிறது. இரட்டை அடிப்பாகம் வைத்து, அசையாமல் இணைத்த படகைத்தான் இப்போது அந்தப் பேரால் கூப்பிடுகிறார்கள். எல்லம்மா இருந்தால் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை எப்படி அவிழ்ப்பீங்க என்று கேட்டிருப்பாள்.