கயிறு பிடித்த நண்டு

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே. இது ஒரு செவிட்டு மனுஷனின் கதை. கத்திச் சொல்ல என் தொண்டையில் வலு இல்லை.

நண்டுக்கும் நமக்கும் ஒரே பேச்சாக இருந்த காலம் அது. கடற்கரை நண்டுக்கு அப்போது வளை கிடையாது. கரையில் ஒதுங்கிய பாசிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். கண் இரண்டும் கடுகு ஒட்டியது போல முகத்தோடு படிந்து கிடக்கும். மண்ணுக்குள் இறங்குவது என்றால் அதற்குக் குலை நடுங்கும்.

அந்தக் கரையில் கயத்தான் என்று ஒருவன் சங்கு குளித்துப் பிழைத்தான். கல்லை மிதித்துக்கொண்டு கடலின் அடிக்குப் போவான். கையில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மறுமுனையைத் தோணியில் அவனுடைய மச்சான் தொபியாஸ் பிடித்திருப்பான். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், வேறு ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான், சொல்லுங்கள்? கீழே மூச்சு முட்டியதும் கயத்தான் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். தொபியாஸ் வாரித் தூக்கிவிடுவான்.

இருபது வருஷம் ஆழம் போய் வந்ததில் கயத்தானுக்கு இரண்டு காதும் போய்விட்டன. கோயில் மணியைப் பக்கத்தில் நின்று அடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஒரு மாசி மாதம் காய்ச்சலில் விழுந்தான், ஆறாம் நாள் செத்துப்போனான்.

கடலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். ஜெபம் சொல்ல வந்த கோயில் உபதேசியார் ஆறுதல் சொன்னார்: "கடைசி நாளில் எக்காளம் முழங்கும். மண்ணுக்குள்ள இருக்கிறவங்க எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழும்புவாங்க. அதுக்கு அப்புறம் சாவே கிடையாது. அழாதீங்க."

கயத்தானின் மனைவி பிரகாசி அழுகையைச் சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயா, கேட்டுத்தான் எழும்பணுமா?"

"ஆமா தாயி."

"இவுகளுக்குத்தான் காது கேக்காதே."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உபதேசியார் தொண்டையைச் செருமினார். "ஆண்டவர் பாத்துக்குவார்."

"எத்தனை கோடிப் பேரை அவர் பாக்கணும்? ஊரே எழும்பிப் போயிரும், இவுக மட்டும் குறட்டை விட்டுக்கிட்டுக் கிடப்பாக. நான் அங்க போய் யாரைத் தேடுவேன்?"

வீட்டுக்கு ஓடினாள். சங்கு குளிக்கிற கயிற்றை எடுத்துவந்து கயத்தானின் மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனையை மண்ணுக்கு மேலே விட்டு, "அண்ணே, பிடி" என்றாள். உபதேசியார் முகம் சுளித்தார். ஆனால் தடுக்கவில்லை.

தொபியாஸ் மூன்று நாள் கயிறும் கையுமாக உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் சொன்னான்: "ஏட்டி பிரகாசி, நான் உனக்கு எட்டு வயசு மூத்தவன். எனக்கும் பிள்ளை இல்ல, உனக்கும் இல்ல. எக்காளம் நாளைக்கு ஊதுமோ, நாலாயிரம் வருஷம் கழிச்சு ஊதுமோ. நான் போயிட்டா யார் பிடிக்கிறது?"

பிரகாசி கரைக்குப் போனாள். கயிறு பிடிக்க வருமா என்று கண்ட உயிரையெல்லாம் கேட்டுப் பார்த்தாள்.

ஆமை சொன்னது: "முட்டையிட வருஷத்துக்கு ஒருக்கா வாரேன். அன்னைக்கு ஊதினா பிடிச்சுக்கிறேன்."

கடற்காகம் சொன்னது: "வலையில மீன் துள்ளினா எனக்குப் பெத்த ஆத்தாளே மறந்து போகும். உன் புருஷனா நினைவில இருப்பான்?"

பாசிக்கு அடியிலிருந்து நண்டு சிரித்தது.

"எனக்கும்தான் காது இல்ல. ஆனா என் எட்டுக் காலும் காது. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு தோணி கரையேறினா இங்க என் காலுக்குத் தெரிஞ்சிரும். எக்காளம் ஊதினா பூமி நடுங்காதா?"

"நீயும் ஒருநாள் செத்துப்போவியே?"

"போவேன். என் பிள்ளைகளை எண்ணிப் பாரு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள எக்காளமே ஊதிரும்."

பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. கயத்தான் செத்த பிறகு அன்றுதான் சிரித்தாள். "கயிறு பிடிக்கணும்னா நீ எனக்குத் தம்பியாகணும்" என்றாள்.

"ஆயிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு அக்கா, தம்பியைக் குழம்பு வைக்கக் கூடாது."

"இந்தக் கரையில ஒருத்தியும் உன்னைச் சட்டியில போட மாட்டா. சத்தியம்."

"அப்போ கீழ கிடக்கிறவர் எனக்கு மச்சான்" என்று சொல்லி நண்டு கயிற்றைக் கொடுக்கில் வாங்கிக்கொண்டது.

வாங்கிய பிறகுதான் அதற்குப் பயம் பிடித்தது. செவுள் காய்ந்தால் தண்ணீர் தொட வேண்டும். தொடப்போன நேரத்தில் ஊதிவிட்டால்? அலை வரை ஓடும், நனையும், பக்கவாட்டிலேயே திரும்பி ஓடிவரும். ஆண்டவர் வருகிறாரா என்று நின்ற இடத்திலிருந்து கடலை எட்டி எட்டிப் பார்க்கும். பார்த்துப் பார்த்து, கண் இரண்டும் முகத்தை விட்டுக் காம்பு போல மேலே எழும்பிவிட்டன.

தினமும் விடிந்ததும் பிரகாசி வருவாள். "தம்பி, கயிறு இருக்கா?"

"இருக்கு அக்கா."

வருஷங்கள் போயின. தொபியாஸ் செத்தான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதால் அவனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் கடலுக்கு அந்தப் பக்கம் 'தும்' என்றது. மணல் நடுங்கியது. நண்டு துள்ளி எழுந்தது. "மச்சான்! எழும்புங்க! ஊதிட்டாங்க!" என்று இரண்டு கொடுக்காலும் கயிற்றை இழுத்தது. கயிறு சுளுவாக வந்துவிட்டது. நண்டு மல்லாந்து விழுந்தது. கயிற்றின் நுனியில் ஈர மண்ணும் மக்கிய தும்பும்தான் இருந்தன.

அது எக்காளமும் இல்லை. ஏதோ கப்பலில் பீரங்கி வெடித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் பிரகாசி கேட்டாள். "தம்பி, கயிறு இருக்கா?"

நண்டு அறுந்த நுனியை அவசரமாக மணலில் செருகியது. "இருக்கு அக்கா."

ஒரு பொய்யா, இரண்டு பொய்யா? ஒரு மழைக்காலம் முழுக்கச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் நுனியை இன்னும் ஆழமாக மணலில் செருகும். பிறகு ஒருநாள் பிரகாசி வரவில்லை. நண்டு அவள் குடிசைக்குப் போனது. கிழவி பாயில் கிடந்தாள்.

"வந்துட்டியா? நாளைக்கோ மறுநாளோ என்னையும் தூக்கிருவாங்க. கயிறு இருக்கா தம்பி?"

நண்டுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இல்ல அக்கா. மக்கி அறுந்துபோச்சு."

"எப்போ?"

"மழைக்கு முன்னாடி."

"தினம் இருக்குன்னு சொன்னியே?"

"பயம் அக்கா."

கிழவி திட்டவில்லை. அவள் கை மட்டும் பாயைத் தடவித் தடவி எதையோ தேடியது. பிறகு கேட்டாள்: "ஆள் அடியில இருக்கும்போது கயிறு அறுந்தா, மேல இருக்கிற மச்சான் என்ன செய்வான் தெரியுமா?"

"தெரியாது."

"எங்க அண்ணன் ஒருக்கா செஞ்சான். குதிச்சுட்டான்."

நண்டு வெளியே வந்தது. கல்லறைக்குப் போனது. மணலை ஒரு கை அள்ளி வெளியே போட்டது, இன்னொரு கை அள்ளியது. உள்ளே ஒரே இருட்டு, ஒரே குளிர். இரண்டு தடவை பாதியில் மேலே ஓடிவந்து மூச்சு வாங்கியது. மூன்றாம் தடவை போனது போனதுதான்.

பொழுது சாயும் நேரத்தில் உடம்பெல்லாம் மண்ணாக வந்து குடிசை வாசலில் நின்றது.

"பாத்தியா?" என்றாள் பிரகாசி.

"பாத்தேன்."

"எப்படி இருக்காக?"

அங்கே என்ன பார்த்ததோ, நண்டு அதை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. அவளிடம் இவ்வளவுதான் சொன்னது: "விரல் கிடைச்சுது அக்கா. கிள்ளிப் பாத்தேன். அசையல. இன்னும் நேரம் வரல, அவ்வளவுதான். நான் வழி போட்டுட்டேன். மண்ணு நடுங்கினா ஒரே ஓட்டம், போய் நறுக்குன்னு கிள்ளிருவேன்."

கிழவி நெடுமூச்சு விட்டாள். "அப்படியே என்னையும் கிள்ளிரு."

"உனக்குத்தான் காது கேக்குமே?"

"கேக்கும். ஆனாலும் கிள்ளு."

மூன்றாம் நாள் அவளைக் கொண்டுவந்தார்கள். புருஷன் பக்கத்திலேயே குழி. பெட்டியைச் சுமந்தவர்களும் பாட்டுப் பாடி வந்தவர்களுமாக ஊரே மணலில் தொம்தொம்மென்று நடந்து வந்தது. வளை வாசலில் நின்ற நண்டுக்கு எட்டுக் காலும் அதிர்ந்தன. எக்காளம் ஊதிவிட்டது என்று ஒரே பாய்ச்சலாக உள்ளே ஓடியது. வெகுநேரம் கழித்துக் கண் இரண்டும் முதலில் மேலே வந்தன, ஆண்டவர்தானா என்று பார்க்க.

அன்றைக்குப் பிடித்த ஓட்டம், இன்னும் எந்தக் கரையிலும் நிற்கவில்லை. நம் கால் மணலில் பட்டதும் நண்டு வளைக்குள் பாய்கிறது. நமக்குப் பயந்து ஓடுகிறது என்று சொல்லிச் சிரிக்கிறோம். அது மச்சானை எழுப்ப ஓடுகிறது.