வெட்டி ஒட்டிய சிரிப்பு

எடிட்டர் ரோஸ்லின் தொகுத்து வெளியான அந்த சூப்பர் ஹீரோ படத்தை ஊரே கேலி செய்தது. நாயகனை மரக்கட்டை என்றார்கள். பிறகு ரோஸ்லினின் சீடன் தணிகைவேல் அதே படத்தை வேறுவிதமாகத் தொகுத்துக் கொடுத்தான். செத்துக் கிடக்கும் நண்பனைப் பார்த்து நாயகன் அழும் இடம் அதில் புதிது. திட்டிய வாய்களே காவியம் என்றன.

இன்று காலை தணிகைவேல் ரோஸ்லினின் எடிட்டிங் அறைக்குள் ஓடி வந்தான். கையில் செல்போன்.

"அக்கா, இதைப் பாத்தீங்களா?"

"விடிஞ்சதிலேர்ந்து ஆளாளுக்கு அனுப்பிட்டே இருக்காங்க. செருப்பு."

அவன் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தான்.

செல்போனில் அவனுடைய பேட்டி. 'உங்க குரு எடிட் பண்ண படம் எப்படி?' என்று ஒரு பெண் கேட்கிறாள். தணிகைவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவ்வளவுதான்.

"சத்தியமா அதுக்குச் சிரிக்கலக்கா! பேட்டி முடியப்போற நேரத்துல கேமராக்காரர் நாற்காலியோட மல்லாந்து விழுந்தார். அந்தச் சிரிப்பு அது. உங்களைப் பத்தி எவ்வளவு பேசினேன்! ஒரு வார்த்தை போடல, படுபாவிங்க."

"தெரியும்."

"எப்படிக்கா?"

"கேள்வி கேக்கும்போது உன் டம்ளர்ல காப்பி தளும்புது. சிரிக்கும்போது காலி."

அவன் பொத்தென்று உட்கார்ந்தான்.

"நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. மத்தவங்க டம்ளரையா பாப்பாங்க? இனிமே நான் சோறு போட்டவங்களையே பாத்துச் சிரிச்சவன்தானே?"

ரோஸ்லின் கணினியின் பக்கம் திரும்பினார். அவன் தொகுத்த படத்தை ஓடவிட்டார். நாயகனின் முகம் திரையை நிறைத்து அழுதது. அங்கே நிறுத்தினார்.

"இந்த ஷாட்டை எங்கேர்ந்து எடுத்த?"

தணிகைவேல் திரையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"பறக்குற சீன்லேர்ந்து."

"பறக்கும்போது எதுக்கு அழறார்?"

"கட்டித் தொங்கவிட்ட கயிறு தோள்ல இறுக்கிடுச்சு. வலி தாங்கல. அவுத்து விடுங்கடான்னு கத்தினார்."

"கத்தல் கேக்கலையே."

"சத்தத்தை எடுத்துட்டேன். வயலின் போட்டோம்."

சொல்லி முடித்ததும் அவன் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"ஆனா அக்கா, அதைப் பாத்து ஜனங்க நெஜமாவே அழுதாங்களே."

ரோஸ்லின் செல்போனை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இதைப் பாத்தும் நெஜமாத்தான் காறித் துப்புறாங்க, தணிகை."