நோட்டில் இல்லாத தம்பி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவசைலம் தன் குருவைத் தேடி வந்தார். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யருக்கு ஐம்பத்து நான்கு.

குருவின் பெயர் ஹெப்சிபா. பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. விடுமுறை நாட்களில் தன் வீட்டு மாடியில் ஒரு விளையாட்டு நடத்துவாள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு வேஷம். ஒருவர் மட்டும் கேம் மாஸ்டர். காடும் மழையும் அரசனும் அரக்கனும் வழிப்போக்கனும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். "நீங்க என்ன செய்றீங்க?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் சொல்வார்கள். இழுபறி வந்தால் பகடை முடிவு செய்யும்.

ஹெப்சிபா ஒரு வரிகூட எழுதி வைத்துக்கொள்ள மாட்டாள். அந்த மேசையில் சிவசைலம் இரண்டு வருடம் விளையாடினார். பிறகு தன் வீட்டிலேயே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கேம் மாஸ்டர் ஆனார். அவர் நில அளவைத் துறையில் சர்வேயர். கற்பனை ஊருக்கும் எல்லைக்கல் போட்டு வரைபடம் வரைகிற ஆள்.

"எழுதி வைக்காம கதை நடத்துறதுக்கு எனக்குக் கத்துக்கொடுக்கணும்" என்றார்.

"நோட்டு எழுதுறதுதான் உங்களுக்குப் பிடிக்குமே சார். இப்ப என்ன?"

சிவசைலம் நடந்ததைச் சொன்னார்.

அவர் மேசைக்குப் புதிதாக வந்தவர் பூதலிங்கம். தபால் ஆபீஸ் கிளார்க். அதிகம் பேசமாட்டார். மூன்றாவது வாரம், கதையில் ஒரு டிராகன் வந்து ஆற்றங்கரை ஊரை எரித்தது. எல்லோரும் தப்பித்துப் படகில் ஏறினார்கள். அக்கரையில் ஒரு நகரம். அதன் கோட்டையையும் சந்துகளையும் சிவசைலம் பத்து நாள் உட்கார்ந்து வரைந்திருந்தார்.

படகு கிளம்பும்போது பூதலிங்கம் சொன்னார், "நான் வரல. திரும்பிப் போறேன். என் தம்பி உள்ள இருக்கான்."

சிவசைலம் நோட்டைப் புரட்டினார். "உங்க வீரனுக்குத் தம்பி கிடையாதே."

மற்றவர்கள் சிரித்தார்கள். பூதலிங்கமும் லேசாகச் சிரித்தார்.

"இருக்கான் சார். கால் நடக்க வராது. வீட்டுக்குள்ள இருக்கான்."

"ஊர் முழுசும் எரிஞ்சாச்சு. யாரும் உயிரோட இல்ல."

"போய்ப் பார்க்கிறேனே. பகடை போடட்டுமா?"

"படகு கிளம்பிட்டு" என்றார் சிவசைலம். "அக்கரை தெரியுது."

பூதலிங்கம் பகடையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். கோட்டை நன்றாக இருக்கிறது என்றார். போகும்போது காபி டம்ளர்களை எல்லாம் எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பிறகு தென்காசிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகத் தெரிந்தது.

"போன மாசம் அவர் ஆபீஸ்காரர் ஒருத்தரைப் பார்த்தேன்" என்றார் சிவசைலம். "நாலு வருஷம் முன்னால அவர் குடியிருந்த வீடு தீப்பிடிச்சிருக்கு. அவர் ஆபீஸ்ல இருந்து ஓடி வந்திருக்காரு. உள்ள தம்பி. இளம்பிள்ளை வாதம் வந்த கால். தெருமுனையில நாலு பேர் இவரைப் பிடிச்சு நிறுத்திட்டாங்களாம். போனா நீயும் போயிருவேன்னு."

ஹெப்சிபா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சாவது ஆளா நானும் பிடிச்சிட்டேன், மேடம்."

கீழே தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

"கற்பனை வறண்டுபோச்சு எனக்கு" என்றார் சிவசைலம். "அந்த இடத்துல நீங்களா இருந்தா ஏதாவது சட்டுனு சொல்லியிருப்பீங்க. அது எப்படி வருதுன்னு சொல்லுங்க."

ஹெப்சிபா எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க. நீங்கதான் பூதலிங்கம் சாரோட வீரன். நான் நடத்துறேன்."

அவர் உட்கார்ந்தார்.

"படகுல நிக்கிறீங்க. கரை மெல்ல விலகுது. புகை உங்க மேல அடிக்குது. என்ன செய்றீங்க?"

"குதிக்கிறேன்."

"குதிச்சாச்சு. இடுப்பளவு தண்ணி. கரையேறிட்டீங்க. தெரு ரெண்டு பக்கமும் எரியுது. உங்க வீடு எது?"

சிவசைலம் மேசைமேல் விரலால் எண்ணினார்.

"மூணாவது வீடு" என்றார்.

"அது நீங்க வரைஞ்ச வரைபடத்துல இருக்கு. அவரோட வீடு எது?"

"தெரியல."

"சரி. வாசல்ல நிக்கிறீங்க. உள்ள தம்பி எந்தப் பக்கம் படுத்திருப்பான்?"

"தெரியல."

"கூப்பிட்டா குரல் கொடுப்பான். பேர் என்ன?"

சிவசைலம் தலைகுனிந்தார்.

"அடுத்து என்ன நடக்குது, மேடம்?"

"எனக்கும் தெரியாது சார்."

"நடத்துறது நீங்கதானே?"

"இதுவரைக்கும் நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை தென்காசிக்கு பஸ் ஏறினார். தபால் ஆபீஸ் கவுன்டரில் பூதலிங்கம் இருந்தார். முடி நரைத்திருந்தது. சிவசைலத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார்.

"அன்னைக்கு நான் உங்களைப் போக விட்டிருக்கணும்" என்றார் சிவசைலம். "எனக்கு விஷயம் தெரியாது. மன்னிச்சிருங்க."

"ஐயோ, என்ன சார் இது? விளையாட்டுதானே. அதை நான் அன்னைக்கே மறந்துட்டேன்."

"தம்பி பேர் என்ன?"

பூதலிங்கம் டம்ளருக்குள் பார்த்தார். டீ தீர்ந்திருந்தது. ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"கவுன்டர்ல ஆள் நிக்குது சார்" என்றார். "இன்னொரு நாள் சாவகாசமா வாங்க."

டீக்கு சிவசைலத்தைக் காசு கொடுக்க விடாமல் தானே கொடுத்துவிட்டு, வேகமாக உள்ளே போனார்.

மறுநாள் சிவசைலம் மாடிக்கு வந்தார். மற்ற ஆட்டக்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. ஹெப்சிபா நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன்" என்றார். "வீட்டைப் பத்தி, படுத்திருந்த இடத்தைப் பத்தி, எல்லாம் கேட்கணும்னுதான் போனேன். பேரைக் கேட்டதுமே எழுந்து போயிட்டாரு. மன்னிக்கவும் இல்ல, கோபப்படவும் இல்ல. டீ வாங்கிக் கொடுத்தாரு."

அவள் வேலையை நிறுத்தவில்லை.

"நான் கேட்ட விதம் தப்பா? இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கேட்டிருக்கணுமா? மறுபடி போகட்டுமா?"

ஹெப்சிபா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"நேத்து நீங்க கேக்கத் தயாராப் போனீங்க சார்" என்றாள். "அவர் சொல்லத் தயாரா வந்தது அன்னைக்கு."