தொட்டில் பலகை இருந்த சுவர்

இந்தக் கதையில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. சத்தியம்! ராஜாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஆனால் அது இப்போது வராது. அவசரப்பட்டு யாரும் பல்லைக் காட்ட வேண்டாம்.

முன்னொரு காலத்தில் கொற்றையூர்ச் சீமையை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஒருநாள் அவன் பல்லக்கில் பவனி போகையில், வெற்றிலை வியாபாரி வீட்டுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த அடையாளப் பலகை கிரீடத்தில் இடித்தது. கிரீடம் உருண்டோடிச் சாக்கடையில் குளித்தது. சிரிப்பு வருகிறதா? இது அந்தச் சிரிப்பு இல்லை.

"மந்திரி! இனி என் ஊரில் எவன் வீட்டுச் சுவரிலும் பலகை தொங்கக் கூடாது. எழுதும் சட்டத்தை!"

மந்திரி அறவாழிக்கு ஒரு பதில் நுனிநாக்கு வரை வந்தது. 'பல்லக்கைக் கொஞ்சம் தாழ்த்தித் தூக்கினால் போதுமே, மகாராஜா.' சொல்லவில்லை. விழுங்கிவிட்டார். மனசு உறுத்தியதால், சட்டத்தின் கடைசியில் ஒரு வரியை மட்டும் சேர்த்தார்: 'வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் பிறர் சுவரில் பலகை அறைபவர் எவரானாலும், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான்கு வீதியும் சுற்ற வேண்டும்.'

சட்டத்தை நிறைவேற்றக் கிளம்பினான் நகர அதிகாரி குணபத்திரன். மந்திரி நாற்காலி மேல் அவனுக்கு நெடுநாளாய் ஒரு கண். பலகைகளைப் பிடுங்கினான். பிடுங்கிய ஆணியிலேயே வேறொன்றை அறைந்தான்: 'இங்கே சட்டவிரோதமாக இருந்த பலகை அகற்றப்பட்டது. இது ஆணை.' கீழே ஒரு பெயர், ஒரு முத்திரை. ஊரே ஒரே சுண்ணாம்பு, ஒரே பலகை. எது யார் வீடு என்று உள்ளூர்க்காரனே தடுமாறினான்.

ஒரு மாதம் போயிற்று. சபையில் குணபத்திரன் மூக்கால் பேசினான்.

"மகாராஜா, ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் சட்டவிரோதப் பலகை ஒன்றுகூடக் கிடைக்காது. மந்திரியார் எழுதினார், அவ்வளவுதான். வேர்வை சிந்தியவன் அடியேன்."

"ஒன்று இருக்கிறது" என்றார் அறவாழி. "மேலவீதி மருத்துவச்சி வேம்பாயி வீட்டில்."

"என்ன துணிச்சல்! எடுங்கள் பல்லக்கை!" என்றான் ராஜா.

வேம்பாயி வாசலில் நின்றிருந்தாள். அவள் வாசலில் நடந்ததைக் கேள்விப்பட்டு, பத்து நாளைக்கு முன் அறவாழி அவளைப் பார்க்க வந்திருந்தார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"மகாராசா, என்னய ஒரு வார்த்த கேக்காம இதை என் சுவத்துல அறஞ்சுட்டாக" என்று அவள் கைகாட்டினாள்.

ராஜா பல்லக்கிலிருந்து எட்டிப் பார்த்தான். அங்கிருந்து எழுத்து புலப்படவில்லை, பலகை மட்டும் தெரிந்தது. "குணபத்திரா! உடனே நடவடிக்கை!"

குணபத்திரனுக்கு ஒரே ஒரு நடவடிக்கைதான் தெரியும். இன்னோர் அறிவிப்புப் பலகையை எடுத்துப் பக்கத்தில் அறைந்தான்.

"சாமி, இதுக்கும் என்னயக் கேக்கலியே. ரெண்டாச்சு."

"இரண்டா? நடவடிக்கை எடு!"

டொக். டொக்.

"மூணாச்சு, மகாராசா."

"எடு நடவடிக்கை!"

ஏழாவது பலகைக்குச் சுவரில் இடமில்லை. குணபத்திரன் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அப்போதுதான் வந்தது அந்தச் சிரிப்பு. ராஜா பல்லக்கு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். தூக்கிகள் சிரித்தார்கள். வீதியே சிரித்தது.

வேம்பாயி சிரிக்கவில்லை. அறவாழியும் சிரிக்கவில்லை.

"அட கோமாளி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் ராஜா. "எல்லாவற்றையும் இவன் கழுத்தில் மாட்டுங்கள்! முதல் பலகை எதற்கு வந்தது, அம்மா?"

"அங்க என் பலகை இருந்துச்சு, மகாராசா. பச்சைப் பலகையில ஒரு தொட்டில் படம். எழுத்துத் தெரியாதவங்களும் பாத்தவுடனே கதவத் தட்டுவாங்க. போன மாசம் வெளியூர் வண்டி ஒண்ணு வந்துச்சு. வண்டிக்குள்ள பொண்ணுக்கு வலி. தொட்டில் பலகை வீடு எதுன்னு தேடி அந்தப் புருசன் மூணு தடவை இந்த வீதியில போயிட்டு வந்திருக்கான். எல்லா வீட்டுலயும் ஒரே பலகை. என் கதவத் தட்டுறப்போ..." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பொண்ணு பொழச்சிருச்சு. பிள்ளை இல்ல."



தூக்கிகள் பிடுங்கிப் போட்ட பலகைகளில் ஒன்றை அறவாழி குனிந்து எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "எழுதியவன் நான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கியவனும் நான்."

"உமக்கு எதற்கு ஐயா?" என்றான் ராஜா. சிரிப்பின் மிச்சம் இன்னும் அவன் உதட்டோரம் ஒட்டிக்கொண்டிருந்தது. "சம்மதமில்லாமல் அறைந்தவனுக்குத்தானே தண்டனை? யார் ஆணை என்று பலகையிலேயே இருக்குமே. படி, குணபத்திரா."

குணபத்திரன் வாயைத் திறந்தான். மூக்கிலும் குரல் வரவில்லை.

"படியடா!"

அவன் தரையைப் பார்த்தான். ராஜா எரிச்சலோடு பல்லக்கைவிட்டு இறங்கி, மந்திரியின் கழுத்திலிருந்த பலகையைக் கையில் பிடித்துத் திருப்பிப் படித்தான். முதல் வரியை உரக்கப் படித்தான். கீழே இருந்த தன் சொந்தப் பெயருக்கு வந்தபோது அவன் குரல் நின்றுவிட்டது.

மெல்ல, பலகையை மந்திரியின் கழுத்திலிருந்து கழற்றினான்.