வைக்கோலுக்கு அடியில்

மலைமேல் இருக்கும் அந்த மடத்தில் மார்கழி பிறந்துவிட்டால், கீழேயிருந்து வந்தவர்களுக்குத் துறவு தானாகக் கைகூடும். கம்பளியைத் தவிர வேறெதிலும் பற்று இருக்காது.

கும்பகோணத்துத் திருமேனி அப்படித்தான் கிடந்தார். ஆவணியில் மனைவி குஞ்சம்மாள் போய்ச் சேர்ந்தாள். ஐப்பசியில் மடத்துக்கு வந்தார். குளிர் தொடங்கியதும் அறைக்குள் போனவர், வெளியே வருவதை விட்டுவிட்டார்.

மடத்தின் குரு அம்பலவாண அடிகளுக்குத் திருமேனியின் மகன் வயதுதான் இருக்கும்.

"வெயில் வந்திருக்கு, ஐயா. கொஞ்சம் வெளியே வாங்க."

"வெளியே என்ன சாமி இருக்கு?"

"குளிர்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு வரணும்? இந்தக் குளிரோட நானும் போயிடுறேன். விட்டுடுங்க."

அன்று மாலை அடிகள், கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். ஒரு பாத்தி நிறைய முட்டைக்கோஸ் நாற்று.

"ராத்திரி உறைபனி விழும். சாயங்காலம் மூடணும், காலையில வெயில் வந்ததும் திறக்கணும். இது உங்க பொறுப்பு."

திருமேனி வைக்கோலைப் பரப்பினார். அது போதாதென்று சாக்கு போர்த்தினார். பிஞ்சு நாற்று கருகிப்போகுமே என்று மனம் பதறி, இன்னொரு சாக்கையும் தேடி எடுத்து வந்து போட்டார்.

மறுநாள் விழிப்பு வந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. குஞ்சம்மாள் இருந்தால் காபியோடு வந்து எழுப்பியிருப்பாள். இனி யார் எழுப்புவார்கள்? நாற்று மூடித்தானே கிடக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்தார். அந்த நாளை பல நாளானது. அடிகளும் அந்தப் பாத்தியைத் தொடவில்லை. கல்நெஞ்சக்காரர்தான்.

ஒருநாள் உச்சிவேளையில், அடிகள் சொன்ன சொல் உறுத்தியதோ என்னவோ, திருமேனி கம்பளியோடு தள்ளாடி வந்தார். சாக்கை விலக்கினார். வைக்கோலை அள்ளினார். நாற்றெல்லாம் வெளுத்து, தண்டு அழுகி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. மக்கிய வாடை அடித்தது.

பக்கத்துப் பாத்தி அடிகள் தினமும் மூடித் திறந்தது. அதில் இலை ஓரங்கள் கருகியிருந்தன. நாற்று நின்றுகொண்டிருந்தது.

திருமேனி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். குரல் கேட்டு அடிகள் வந்தார்.

"என் கை பட்டது எதுவும் தங்காது சாமி. அவளையும் காப்பாத்த முடியல. ரெண்டு சாக்கு போட்டேன். அப்பவும் பனி தின்னுடுச்சே!"

அடிகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகிய நாற்று ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"பனி இதைத் தொடவே இல்லைங்க, ஐயா."