சுருங்கிப்போன நிலவேம்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கப்பல்காரர்களுக்கே வழி தெரியாத ஒரு தீவில் இரண்டு வைத்தியச்சிகள் இருந்தார்கள். அக்கா நல்லாத்தா, தங்கை சிவந்தி. அந்தத் தீவில் செடியிடம் கேட்டுத்தான் மூலிகை பறிக்க வேண்டும். "செடியே செடியே, இன்னாருக்காகக் கேட்கிறேன், இலை தா" என்றால் செடி தலையாட்டும். ஆனால் பெற்ற பிள்ளைக்காகத் தாய் கேட்டால் தராது. இன்னொரு வைத்தியச்சிதான் பறித்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு பேர் மருந்தும் ஒரே இலை, ஒரே பக்குவம். ஊர்ச்சனமோ நல்லாத்தா வாசலைத் தாண்டிக்கொண்டு சிவந்தி வீட்டுக்குப் போகும். கேட்டால், சின்னவளுக்குக் கைராசியாம்! வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். நல்லாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் எட்டி மரத்து முனியிடம் போனாள். தங்கச்சி கை நீட்டினால் செடியெல்லாம் சுருங்க வேண்டும் என்று கேட்டாள். முனி கூலி கேட்கவில்லை.

"உன் பொறாமையே எனக்கு விருந்து. செய்ததை நீயே உன் தங்கையிடம் சொல்கிறவரை இந்தக் கட்டு அவிழாது" என்றது.

நானாவது சொல்வதாவது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் சிவந்தி ஆடாதொடையிடம் கை நீட்டினாள், சுருங்கியது. நொச்சியிடம் நீட்டினாள், சுருங்கியது. கீழாநெல்லியும் சுருங்கியது. ஊர் அக்கா வாசலுக்குத் திரும்பியது. அன்றைக்குத்தான் நல்லாத்தாளுக்கு வயிறாரச் சோறு இறங்கியது.

பாவி, ஒன்றை மறந்துவிட்டாள். மழை பிடித்ததும் அவள் மகள் பவளத்துக்கு விஷக்காய்ச்சல் வந்தது. நிலவேம்பு கொடுக்காவிட்டால் பிழைக்காது. தாய் கேட்டால் செடி தராது. பறிக்கக்கூடிய ஒரே கையையும் அவளே கட்டிப்போட்டிருக்கிறாள்.

சேதி கேட்டு சிவந்தி ஓடிவந்தாள். நிலவேம்பிடம் கேட்டாள், சுருங்கியது. மறுபடி கேட்டாள், சுருங்கியது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"என் கையில என்ன பாவமோ தெரியலையே அக்கா."

உள்ளே பிள்ளை முனகியது. நல்லாத்தா அதற்குமேல் தாங்கவில்லை.

"பாவம் உன் கையில இல்லடி. ஊரே உன்னைத் தேடுதேன்னு பொறுக்காம, நான்தான் முனிகிட்டப் போய் உன் கையைக் கட்டினேன்."

சிவந்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். திட்ட நேரமில்லை. மூன்றாவது தடவை கை நீட்டினாள்.

"செடியே செடியே, என் அக்கா மகளுக்காகக் கேட்கிறேன், இலை தா."

நிலவேம்பு தலையாட்டியது.

கஷாயம் உள்ளே போய்க் காய்ச்சல் இறங்கியது. முனி பட்டினி தாங்காமல் தீவை விட்டே ஓடியது. பவளம் கண் திறந்தாள். திறந்ததும், "சின்னம்மா" என்றாள்.

நல்லாத்தாளுக்கு அப்போதும் சுருக்கென்றது. வாசலோரத்தில் ஒரு சின்னச் செடி பட்டென்று இலையை மூடிக்கொண்டது. மாயம் அந்த ஒரு செடியில் மட்டும் மிச்சமிருந்தது. தொட்டாற்சுருங்கி என்கிறோமே, அதுதான். சிவந்தி செடியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், சிரித்தாள்.

"ஆமாடி, எரியுது" என்றாள் நல்லாத்தா.

சொன்னதும் இலை விரிந்தது.