வரைபடத்துக்கு வெளியே

கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஜெபசெல்வியின் வீடு ஆற்றங்கரைக் குடிசைகளில் ஒன்று. அந்தக் கரையையே பூங்காவாக வடிவமைக்கச் சொன்னார் துறைத்தலைவர் கனகசபாபதி.

"அங்கே இருக்கிற ஜனங்க எங்கே சார் போவாங்க?"

"வரைபடத்துக்கு வெளியே எங்கேயாவது வை. உள்ளே ஒரு குடிசை தெரிஞ்சாலும் உன்னை ஃபெயில் ஆக்கிடுவேன்."

அவள் என்ன செய்தாள் தெரியுமா? தேர்வு நாளன்று வெளியூர்த் தேர்வாளரோடு தேர்வு அறைக்குள் வந்த கனகசபாபதி திகைத்து நின்றுவிட்டார். அவளுடைய மாதிரிப் பலகையில் பச்சைப்பசேலென்று பூங்கா; மருந்துக்குக்கூடக் குடிசை இல்லை. அவள் அட்டையில் செய்த குடிசைகள் எல்லாம் அவருடைய மேசையிலும் நாற்காலியிலும் நெருக்கியடித்து ஒட்டப்பட்டிருந்தன.

"என்ன திமிர் இது! நான் எங்கே உட்காருறது?"

"வெளியே எங்கேயாவதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? வெளியேயும் யாராவது இருக்கத்தானே செய்வாங்க?"

மாணவர்கள் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை.

"உன் வீடு எங்கேம்மா?"

பலகையில் இருந்த புல்தரையின் மேல் விரலை வைத்தாள். "இதுக்கு அடியிலே சார்."

தேர்வு முடியும்வரை கனகசபாபதி நின்றுகொண்டே இருந்தார். ஜெபசெல்வி முதல் மதிப்பெண்ணோடு தேறினாள்.

மழைக்காலத்துக்கு முன்பே கரைக்கு இயந்திரங்கள் வந்தன. அவள் வீட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் இடித்துத் தள்ளின. இப்போது அங்கே நிஜமாகவே ஒரு பூங்கா இருக்கிறது. அதற்குள் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.